கடைசலின் இரண்டாவது ஆள்

மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருவம் கொடுக்கும் கடைசல் தொழிலுக்கு, மின்சாரமும் மோட்டாரும் தோன்றுவதற்கு முந்திய நெடுங்காலத்தில் பல இடங்களில் இரண்டு ஆட்கள் தேவைப்பட்டார்கள். அவ்விருவரில் உளி பிடித்தவரின் கைத்திறனையே உலகம் புகழ்ந்தது. கயிறு இழுத்தவரை மறந்துவிட்டது. எகிப்து தேசத்தில் பெதோசிரிஸ் என்னும் குருவின் கல்லறைச் சுவரில், கிறிஸ்துவுக்கு முன் 300-ஆம் ஆண்டையொட்டிச் செதுக்கப்பெற்ற சிற்பமொன்றில், கடைசல் மரத்தைச் சுற்றிய வாரை ஒருவன் மாறிமாறி இழுக்க, மற்றொருவன் உளியைப் பிடித்திருக்கிறான். இத்தொழிலைக் காட்டும் மிகப் பழைய சித்திரங்களுள் அஃது ஒன்று. மலாக்காவில் தோட்டத்தை விட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த நம்மவர்களில் சிலர், ஓய்வு நேரத்தில் வீட்டுப் பின்கட்டில் ஒரு சிறு கடைசல் யந்திரத்தை வைத்துக்கொண்டு, பம்பரமும் மத்தும் கிண்ணமும் கடையத் தொடங்கியிருக்கும் இந்நாளில், அந்த மறக்கப்பட்ட இரண்டாவது ஆளின் சரித்திரத்தைச் சற்று விரிவாக எழுதுவது அவசியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தியாவில் வழங்கிவந்த பழைய கடைசற் பட்டறை தரையோடு தரையாக அமைந்தது. இரண்டு கட்டைகளில் பொருத்திய இரு இரும்பு முனைகளுக்கு நடுவே மரத்துண்டை மாட்டி, அதன்மேல் கயிற்றை இரண்டொரு சுற்றுச் சுற்றி, கயிற்றின் இரு நுனிகளையும் உதவியாள் ஒருவர் பிடித்துக்கொள்வார். கடைசற்காரர் எதிரே தரையில் அமர்ந்து, உளியைக் கைகளால் பிடித்துக் கால்விரலாலும் அணைத்துக்கொள்வார். உதவியாள் வலக்கையை இழுக்கும்போது மரம் கடைசற்காரரை நோக்கிச் சுழலும்; அந்த அரைக்கணத்தில்தான் உளி வெட்டும். இடக்கையை இழுக்கும்போது மரம் எதிர்த்திசையில் திரும்பும்; அப்போது உளியைச் சற்றே விலக்கிக்கொள்ள வேண்டும். வெட்டுவதும் விலக்குவதுமாக, மூச்சு வாங்குவதும் விடுவதும்போல, அந்த வேலை நடக்கும். கடைந்து முடித்த உருவத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்திப் பிடித்தால், உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் படியும். பிறகு தாழை மடலால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். கன்னட நாட்டுச் சென்னபட்டணத்துப் பொம்மைகளும், திருநெல்வேலிச் சீமை அம்பாசமுத்திரத்தில் கடம்ப மரத்தால் செய்துவந்த சொப்புச் சாமான்களும் இந்த அரக்குக் கடைசல் மரபைச் சேர்ந்தவை. இன்று அவ்வூர்களிலும் மோட்டார் வந்துவிட்டது.

இந்த ஏற்பாட்டில் உள்ள பாதுகாப்பு யாரும் சட்டம் இயற்றிச் செய்ததன்று. தொழிலின் அமைப்பிலேயே உறைந்திருந்தது. உளியின் நுனி மரத்தில் தவறாகப் பாய்ந்து மாட்டிக்கொண்டால், கயிறு மரத்தின்மேல் வழுக்கும், இழுப்பவரின் தோள் அந்தத் தடையை உணர்ந்து தளரும், சுழற்சி நின்றுவிடும். மனித பலத்துக்கு மேற்பட்ட பலம் அங்கே இல்லை. மேலும், எதிரே அமர்ந்திருப்பவருக்கு இரண்டு கண்கள் இருந்தன. மரத்தில் வெடிப்பு ஓடுவதையும், கடைசற்காரரின் துண்டு சரிந்து கயிற்றின் பக்கம் போவதையும், அவர் களைத்துவிட்டதையும் அக்கண்கள் கண்டன. அக்காலத்தில் காயமே பட்டதில்லை என்று சொல்வது என் கருத்தன்று. தவறு நேர்ந்தால் நிறுத்துவதற்கு ஒருவர் இருந்தார் என்பதே நான் சொல்ல வருவது.

நமது கடைசற்காரர்களின் திறமை கடல் கடந்து பேர்பெற்ற ஒரு காலமும் உண்டு. ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனி 1658-இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றி, 1690-இல் தன் சோழமண்டலத் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து அங்கே மாற்றிக்கொண்டது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் சோழமண்டலக் கரையின் கைவினைஞர்கள் கருங்காலி மரத்தைக் கடைந்தும், கயிறு முறுக்கியது போலச் செதுக்கியும் செய்த நாற்காலிகள் பத்தேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) ஐரோப்பாவுக்கும் கப்பலேறின. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஹொரேஸ் வால்போல் என்னும் பிரபு அத்தகைய ஆசனங்களைக் கண்டு, அவை தம் நாட்டு டியூடர் அரசர் காலத்தவை என்று நம்பித் தம் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகைக்கு வாங்கிச் சேர்த்தார். சோழமண்டலத்தில் தரையில் அமர்ந்து கடைந்தவர்களின் பெயர் ஒன்றுகூட அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்தக் கம்பெனியின் ஆளுகையே 1641 முதல் மலாக்காவிலும் நிலவியது. சுல்தான்கள் காலத்திலேயே வாணிபத்தின் பொருட்டு வந்து, இங்குள்ள பெண்களை மணந்து, நாளடைவில் மலாய் பேசுபவர்களாகிவிட்ட மலாக்காச் செட்டிகள் தம் தெய்வங்களைக் கைவிடவில்லை. அவர்களுடைய தலைவர் தைவநாயகம் செட்டியிடம் ஒல்லாந்தர் அளித்த நிலத்தில் 1781-இல் ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் எழுந்தது. நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்குப் போனதும் அதே ஆண்டில்தான். ஆலயம் நிற்கும் தெரு பொற்கொல்லர் தெரு. அதை அடுத்து இருப்பது கருமான் தெரு. கைத்தொழிலைத் தெருவின் பெயரிலேயே தாங்கிய ஊர் மலாக்கா.

ஆயினும் இன்றைய மலாக்காத் தமிழருள் மிகப் பெரும்பாலோரின் முன்னோர்கள் அந்தத் தெருக்களுக்கு வந்தவர்களல்லர்; காட்டுக்கு வந்தவர்கள். 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் மலாக்கா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1896-இல் டான் சாய் யான் என்னும் சீனப் பெருவணிகர் மலாக்காவிலுள்ள புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். மலாயாவில் வியாபார நோக்கத்தோடு ஏற்பட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. அடுத்து அவர் முயற்சியால் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் விரிந்தது. கங்காணிகளின் பின்னே கப்பலேறி வந்த நம் மக்கள் லயங்கள் என்னும் தொடர்வீடுகளில் குடியேறி, விடியுமுன் பிரட்டு என்னும் பெயர்க் கணக்கெடுப்புக்கு நின்று, வாளியும் உளியுமாய் நிரைக்குள் நுழைந்தார்கள்.

அந்த உளியைப் பற்றி இங்கே சிறிது சொல்லியாக வேண்டும். ஏனெனில் கடைசலுக்கு வேண்டிய முதற்பாடம் அதில் இருக்கிறது. பால்வெட்டுபவர் ஒவ்வொரு வெட்டிலும் சீவுவது ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான். சற்று ஆழ்ந்தால் உள்மரம் காயப்படும். காயம் பட்ட இடத்தில் முண்டும் முடிச்சுமாகப் பட்டை புடைக்கும். மேற்பார்வையிடும் கிராணியின் கண்ணுக்கு அது தப்பாது. ஆகவே உளியைச் சாணையில் தீட்டிக் கூர்மை பார்ப்பது பால்வெட்டுபவருக்கு அன்றாட நியமமாயிற்று. மழுங்கிய உளியை அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் மரத்தையோ கையையோ வெட்டும். கூரிய உளி தன் எடையாலேயே சீவும். இந்த நியாயம் கடைசலிலும் அட்சரம் பிசகாமல் பொருந்தும். சுழலும் மரத்தில் மழுங்கிய உளியை அழுத்துகிறவர், அது மாட்டிக்கொள்ளும் கணத்தைத் தாமே வருவித்துக்கொள்கிறார். தோட்டத்தில் பால்வெட்டிய பெற்றோரின் பிள்ளைகளுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

யந்திரத்துக்கு அஞ்சும் பாடத்தையும் தோட்டமே கற்பித்தது. ரப்பர் ஆலையில் எஞ்சினிலிருந்து நீண்ட தண்டும், தண்டிலிருந்து தோல் பட்டைகளும் ஓட, ஷீட் உருட்டும் ரோலர்கள் அருகருகே சுழன்றன. அவற்றினிடையே விரல் நுழைந்தால் கை முழுவதும் போகும். ஆயுத பூஜையன்று அந்த யந்திரங்களைக் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு, வாழைக்கன்று கட்டி, ஓய்வு கொடுத்து வணங்கும் சம்பிரதாயம் நம்மோடு வந்தது. பக்திக்காகச் செய்ததாயினும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு பட்டையையும் ஒவ்வொரு திருகையும் கையால் தொட்டுக் கண்ணால் பார்க்கும் நாளாக அது அமைந்தது பெரிய நன்மையே. வீட்டுக் கடைசல் யந்திரத்துக்கு அந்த நாள் மாதந்தோறும் வர வேண்டும் என்பது என் விருப்பம்.

மரத்தின் கதை இனி வருகிறது. இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த ரப்பர் மரத்தை வெட்டி மறுநடவு செய்யும்போது, அம்மரம் நெடுங்காலம் வெறும் விறகாகவே கருதப்பட்டது. ஷீட்டுக்குப் புகை போடவும், செங்கல் சூளைக்கும் அது போயிற்று. மிஞ்சியதை அங்கேயே எரித்தார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய சில தினங்களிலேயே நீலப் பூஞ்சை பிடிக்கும், பிறகு வண்டு துளைக்கும். போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தோடு மரத்துக்குள் ஏற்றி, உலர்த்துச் சூளையில் உலர்த்தும் முறை கைவந்தபின், ஏறத்தாழ 1980-களிலிருந்து, அதே மரம் மேசை நாற்காலிகளாகி உலகச் சந்தைக்கு ஏறியது. மலாக்கா ஊர்களான ஜாசினுக்கும் மெர்லிமாவுக்கும் எட்டும் தூரத்தில், ஜொகூர் எல்லைக்கு அப்பால் உள்ள மூவார் நகரம், தளவாடத் தொழிலின் கேந்திரமாகவே ஆகிவிட்டது. விறகாய் எரிந்த மரம் செல்வமாக மாறியபோது, அதைத் தலைமுறை தலைமுறையாகச் சீவி வளர்த்தவர்களோ தோட்டம் செம்பனையாகவும் வீடமைப்பு மனையாகவும் மாற, லயத்தைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். இதை எண்ணும்போது மனம் வருந்தாமல் இருக்க முடியவில்லை.

இப்படியாக மரமும் உளியும் யந்திரமும் ஒரு வீட்டுப் பின்கட்டில் சந்திக்கும் காலம் வந்திருக்கிறது. வராதவர் அந்த இரண்டாவது ஆள் ஒருவரே. அவருடைய இடத்தில் மோட்டார் இருக்கிறது. மோட்டாருக்குத் தோள் இல்லை. உளி மாட்டிக்கொண்டதை அது உணராது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து அங்குல விட்டமுள்ள கிண்ணம் நிமிஷத்துக்கு 900 சுற்று சுழன்றால், அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 43 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு சிறு பம்பரத்தைக் கடைந்துவிட்டு, வேகத்தைக் குறைக்க மறந்து, 2,700 சுற்றில் அதே கிண்ணத்தை ஓடவிட்டால், விளிம்பின் வேகம் ஏறத்தாழ 129 கிலோமீட்டராகும். மும்மடங்கு வேகத்தில் மோதும் வலிமையோ ஒன்பது மடங்கு. பிளவுபட்ட மரம் அந்த வேகத்தில் இரண்டாகப் பறந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் கடைசற்காரரிடையே ஒரு வாய்ப்பாடு வழங்குகிறது: அங்குலத்தில் விட்டத்தையும் நிமிஷச் சுற்றையும் பெருக்கினால் வரும் தொகை 6,000-க்கும் 9,000-க்கும் இடையே நிற்க வேண்டும். மரம் சமனற்றிருந்தால் இதற்கும் கீழே தொடங்க வேண்டும்.

யந்திரத்தை முடுக்குமுன் செய்ய வேண்டியவற்றை ஒருவர் கண்ணால் பார்ப்பதற்கும் காதால் கேட்பதற்கும் மிகுந்த வித்தியாசம் உண்டு. ஆயினும் இயன்றவரை எழுதுகிறேன். மரத்தைப் பொருத்தியபின், உளியைத் தாங்கும் இரும்புக் கட்டையை மரத்துக்கு வெகு அருகில், ஒரு சுண்டுவிரல் நுழையாத இடைவெளியில் நிறுத்தி இறுக்கி, மரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்கும் இடிக்கக் கூடாது. மரத்தைக் கவ்வும் சக்கின் சாவி அதிலேயே நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். பிறகு, மரம் பறந்தால் எந்த நேர்க்கோட்டில் பறக்குமோ அந்தக் கோட்டைவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டு, முகம் முழுவதையும் மறைக்கும் தடித்த கவசத்தை அணிந்து, சுவிட்சைப் போட வேண்டும். உளி முதலில் தொட வேண்டியது தாங்குகட்டையை; பின்னரே மரத்தை. நீண்ட தண்டுகளைப் பருமட்டாக உருட்டுவதற்கான அகன்ற நகவுளியைக் கிண்ணத்தில் உபயோகிக்கலாகாது. பிடிக்குள் செல்லும் அதன் மெல்லிய வால் ஒடிந்துபோகும். உப்புத்தாள் போடும்போது தாங்குகட்டையை அகற்றிவிட வேண்டும். இல்லையேல் விரல் இடையில் சிக்கும்.

உடையைப் பற்றி நம்மவர்களுக்குத் தனியே சொல்ல வேண்டியதுண்டு. கைலி கட்டிக்கொண்டும், தோளில் துண்டு போட்டுக்கொண்டும் வீட்டில் நடமாடுவது நம் வழக்கம். கடைசல் யந்திரத்தின் அருகே அந்த வழக்கம் அறவே ஆகாது. கழுத்துச் சங்கிலி, உருத்திராட்ச மாலை, கைச்சங்கிலி, மோதிரம் எல்லாம் கழற்றத்தக்கவை. கழற்றக் கூடாத ஒன்றும் இருக்கிறது. தைப்பூசத்துக்கோ, மாசி மகத்தன்று மலாக்காவின் செங் ஊரிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயில் திருவிழாவுக்கோ விரதம் பூண்டு மணிக்கட்டில் காப்புக் கட்டியவர், நேர்த்தி முடியுமுன் அதை அவிழ்ப்பதில்லை. அத்தகையவர் அந்நாட்களில் யந்திரத்தைத் தொடாமலிருப்பதே விரதத்துக்கும் உடம்புக்கும் உகந்தது. கைக்குப் பாதுகாப்பென்று எண்ணிக் கையுறை போடுவதும் பெரும்பிழை. சுழலும் மரம் உறையைப் பற்றினால் உள்ளிருக்கும் கையையும் சேர்த்தே சுற்றிக்கொள்ளும். மெருகு போடத் துணியை விரலில் சுற்றுவதும் அத்தகையதே. எளிதில் கிழியும் காகிதமே அதற்கு ஏற்றது.

இனி, உடனே வலிக்காத ஓர் அபாயம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊர், பீச் மரக்காட்டில் நாற்காலிக் கால்களைக் கடைந்தவர்களால் புகழ்பெற்றது. 1960-களில் அவ்வூர்த் தளவாடத் தொழிலாளரிடையே மூக்கின் உட்பகுதியில் ஓர் அபூர்வமான புற்றுநோய் அளவுக்கு மிஞ்சிக் காணப்படுவதை வைத்தியர்கள் கண்டறிந்தார்கள். 1995-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. கயிற்றுக் கடைசலில் மரம் சுருள் சுருளாகவே பெரும்பாலும் உதிர்ந்தது. விரைந்து சுழலும் மோட்டாரும் உப்புத்தாளும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மாவாக்கிக் காற்றில் மிதக்கவிடுகின்றன. தூளுக்கென்று செய்த முகமூடி இல்லாமல் உப்புத்தாள் போடலாகாது. மலாக்காக் காட்டு மரங்களுள் ரெங்காஸ் இன்னும் கொடியது. சிவந்த வைரமும் கறுப்புக் கோடுமாக மிக அழகாயிருக்கும். ஆனால் அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். முந்திரியும் மாவும் அதன் உறவினங்களே. யாரோ வெட்டிப் போட்ட அழகிய சிவப்புக் கட்டையைப் பெயர் கேளாமல் வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது. மறுநடவில் விழுந்த ரப்பர்க் கட்டையிலும், பூஞ்சை ஓடிய நீலக் கோடுகள் பார்ப்பதற்கு விசித்திரமாக இருப்பினும், அழுகத் தொடங்கிய மரம் சுழற்சியைத் தாங்காது.

ஆலைக்குள் இத்தகைய அபாயங்களைச் சட்டம் பார்த்துக்கொண்டது. மலேசியாவில் 1967-இல் தொழிற்சாலை, யந்திரச் சட்டம் வந்தது. 1970-ஆம் ஆண்டு விதிகள், சுழலும் தண்டுக்கும் பட்டைக்கும் வேலியிட வேண்டுமென்று கட்டளையிட்டன. 1994-இல் தொழிலிடப் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டம் ஏற்பட்டது. 2024 ஜூன் முதல் தேதி அதன் திருத்தம் அமலானபோது 1967-ஆம் ஆண்டுச் சட்டம் விலகிக்கொண்டது. வேலையில் காயமுற்றோருக்காக 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் ஏற்பட்டது. கை கால் இழந்தோரை மீண்டும் உழைக்கச் செய்யும் அதன் பெரிய மறுவாழ்வு மையம் 2014-இல் நம் மலாக்காவிலேயே திறக்கப்பட்டது. ஆனால் பொழுதுபோக்காகக் கடைசல் பிடிக்கும் வீட்டுப் பின்கட்டுக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வருவதில்லை.

ஆகவே அந்த இரண்டாவது ஆளின் கடமையை வீட்டிலேயே பங்கிட்டு அளிக்க வேண்டியதாகிறது. அவருடைய தோளின் வேலையைச் செய்ய, கால் முட்டியால் தட்டினாலே நிற்கும்படியான பெரிய சிவப்புச் சுவிட்சைப் பறக்கும் கோட்டுக்கு வெளியே பொருத்திக்கொள்ளலாம். மின்கசிவு கண்டால் தானே அணையும் சாதனத்தின் வழியாகவே யந்திரத்துக்கு மின்சாரம் செல்ல வேண்டும். அவருடைய கண்களின் வேலைக்கு மனிதரே வேண்டும். வீட்டில் ஒருவரும் இல்லாத வேளையிலும், இரவு ஷிப்டு முடிந்து வந்த களைப்பிலும் யந்திரத்தை முடுக்காமலிருப்பது நலம். ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அது தானே சூடேறித் தீப்பற்றும். அதை விரித்துக் காயவைக்கவோ, தண்ணீருள்ள தகரத்தில் போடவோ வீட்டார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். புதிதாக யந்திரம் வாங்கியவர் முதல் நாள் செய்யத்தக்கது, மனைவியையோ மகனையோ மகளையோ அழைத்து, மெயின் சுவிட்சு எது என்று காட்டி, யந்திரம் வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும்போது அவர்களே அதை ஒருமுறை அணைத்துப் பார்க்கும்படி செய்துவிட்டு, அதன்பின் மரத்தைப் பொருத்துவதாகும்.